கிழிந்த நாடாவில் ஒரு மீட்டர்

கால்வாய்க்கரையில் அவரை டேப்புக்காரர் என்றால்தான் தெரியும். நகரத் திட்ட அலுவலகத்தின் அளவு நாடாவைத் தோளில் மாட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் நடந்த மனிதர். சுவரோரம் நின்று நாடா காட்டும் எண்ணைச் சத்தமாகச் சொல்வது அவர் வேலை, எழுதுவது அதிகாரி வேலை. "ஊரையே அளக்கிறாரு, ஜன்னல் திரைக்குத் துணி வாங்கினா ஒரு சாண் குறையுது" என்று அவர் பெண்டாட்டி கேலி செய்வாள். ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம்.

போன மழையில் கால்வாய் பொங்கி இரண்டு உயிரை அடித்துக்கொண்டு போயிற்று. கரைக்கல்லிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் எந்தக் கட்டடமும் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. யார் முறைத்துக்கொண்டாலும் சரி, அது நியாயமான உத்தரவுதான்.

புதிதாக வந்த அதிகாரியம்மாவோடு ஏழு வீடுகளை அளந்தார்கள். அலுவலக நாடாவில் முதல் மீட்டர் எப்போதோ கிழிந்துபோயிருந்தது. அதனால் ஒன்று என்ற கோட்டைக் கல்லில் பிடித்து அளப்பார்கள். பழைய அதிகாரி எழுதும்போது அந்த ஒன்றைக் கழித்துக்கொள்வார். இந்தம்மாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று, டேப்புக்காரர் தாமே மனதில் கழித்துச் சொன்னார். தையல்காரம்மா வீட்டுச் சுவரில் நாடா பதினாறு புள்ளி ஆறு காட்டியது. பதினைந்து புள்ளி ஆறு என்று குரல் கொடுத்துவிட்டு, "தப்பிச்சீங்கம்மா" என்று அவளிடம் மெதுவாகச் சொல்லியும் வைத்தார்.

திங்கட்கிழமை பசை வாளியோடு நோட்டீஸ் ஒட்டப் போனவரும் அவர்தான். தையல்காரம்மா கதவுக்கு உரிய காகிதத்தைப் பிரித்தார். பதினான்கு புள்ளி ஆறு. வியாழக்கிழமை இடிப்பு.

"அண்ணே, தப்பிச்சீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆபீஸில் பார்த்துச் சொல்கிறேன் என்று முனகிவிட்டு வந்துவிட்டார். தெருமுனை திரும்புவதற்குள் விளங்கிவிட்டது. நாடா கிழிந்த சங்கதி அந்தம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவளும் ஒன்றைக் கழித்திருக்கிறாள்.

அன்று முதல் சோறு இறங்கவில்லை. முன்பு ஓர் எண்ணை மாற்றிச் சொன்ன உதவியாளரைப் பழைய அதிகாரி ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பியது கண்முன்னே வந்து நின்றது. பெண்டாட்டியிடம் சொன்னார். "மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள். அவளுக்கும் பயம்தான், பாவம்.

புதன்கிழமை தையல்காரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். ஓய்வு பெறும் நாளில் போட்டுக்கொள்ள அவளிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். வீட்டில் பாதி மூட்டை கட்டியாகிவிட்டது, தையல் மெஷின் மட்டும் கட்டாமல் நின்றது. "இதையும் கட்டிட்டா தைக்க முடியாதுல்ல, அதான் உங்க சட்டைய முடிச்சிட்டேன்" என்று மடித்து நீட்டினாள். நீங்கள் சொன்னீர்களே என்று மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே அதிகாரியம்மா அறைக்குள் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். அவள் முகமும் வெளுத்துவிட்டது. பட்டியலில் அவள் கையெழுத்து இருக்கிறதே.

"எத்தனை வீட்டுக்கு இப்படிச் சொன்னீங்க?"

"ஏழுக்கும்மா."

"எழுதிக் குடுங்க."

ஏழு வீட்டு எண்ணையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வியாழன் காலை, இடிக்கிற இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்க, புது நாடாவால் அளந்தார்கள். அதிகாரியம்மா தானே போய்க் கல்லில் நுனியைப் பிடித்தாள். ஏழில் தையல்காரம்மா வீடு மட்டும் பதினைந்து மீட்டர் கோட்டுக்கு வெளியே வந்தது. மற்ற ஆறும் உள்ளேதான். அந்த ஆறு வீட்டுச் சனங்கள் அவரைப் பார்த்த பார்வையை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் குடையோடு கால்வாய்க்கு ஓடினார். கரைக்கல்லைக் காணோம், தண்ணீர் அதை மூடிவிட்டது. தையல்காரம்மா வீட்டுக்குள் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா. ரெண்டு நாளைக்கு."

"எதுக்குண்ணே? நான்தான் கோட்டுக்கு வெளியில இருக்கேனே. நீங்கதானே அளந்தீங்க?" என்று சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

அவர் திரும்பித் தண்ணீர் விளிம்பிலிருந்து அவள் வாசல்படிவரை காலடி வைத்து எண்ணினார். பதினொன்று. நம்பிக்கை வராமல் மறுபடியும் போய் விளிம்பில் நின்று எண்ணிக்கொண்டு வந்தார். பத்து.