துருவின் மேல் அடித்த ப்ரைமர்

காலுறை சிவந்திருந்ததைப் பார்த்ததும், பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பெயிண்டிங் பகுதியில் வேலை எனக்கு. நாள் முழுக்க இரும்புச் சட்டங்களுக்கு ரெட் ஆக்சைடு ப்ரைமர் (துருப் பிடிக்காமலிருக்க முதலில் அடிக்கும் செம்பூச்சு) அடிப்பவனுக்கு, எது சிவந்தாலும் ப்ரைமர்தான். இது போகவில்லை. ஷூவைக் கவிழ்த்தேன். ஓர் இரும்புச் சில்லு விழுந்தது. ஷிப்ட் முழுக்க அது என் சுண்டுவிரலைக் குடைந்திருக்கிறது. எனக்கு ஒரு தகவலும் வரவில்லை.

அப்புறம் நான் காட்டிய வீரத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு போய்ச் சேர்வதற்குள் மனதுக்குள் உயில் எழுதி முடித்திருந்தேன். மனைவி சரசுவிடம், "மொபெட்ட உன் தம்பி முனிராஜுக்குக் குடுத்துரு" என்றேன்.

"மொதல்ல காலக் காட்டுங்க. மொபெட்டு எங்கயும் ஓடிறாது."

முனிராஜுக்கு வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு. எனக்கு முன்பே சர்க்கரை நோய்க்காரன். இந்தக் காயத்துக்குச் சில மாதங்கள் முன்பு, ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு ஒருநாள் வந்தான்.

"மாமா, சர்க்கரை ஏறுனா ரத்தக் குழாய்க்கு உள்ளாற துருப் புடிக்குதாம். மாங்கொழுந்துல ஆண்டி ஆக்சிடண்ட் (உடம்புக்குள் நடக்கும் அந்தத் துருவைத் தடுக்கும் பொருள்) இருக்குதாம். உங்க ப்ரைமர் மாதிரியே வெச்சுக்கங்க. நான் மாத்திரைய வுட்டு வருசமாச்சு. எப்படி இருக்கறேன் பாருங்க!"

பார்த்தேன். மாங்காய் மூட்டையைத் தனியாகத் தூக்கி லாரியில் போடுகிற ஆள். அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? கொழுந்துச் சாற்றைக் காலை மாலை குடித்தேன். மாத்திரைகள் அலமாரியில் ஓய்வெடுத்தன.

நாட்கள் போயும் கால் புண் ஆறாமல் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா என் பாதத்தில் ஊசிமுனையால் தொட்டுக்கொண்டே வந்தார். "தெரியுதா?" "எங்க, டாக்டரம்மா?" "குத்திக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு மரத்துப் போவது) என்றார். கூடவே ரத்தக் குழாய்களில் அழற்சி (உட்சுவர் புண்பட்டுத் தடித்துப்போவது). ரத்தம் சரியாக வராததால் புண் ஆறவில்லை, விரல் கறுத்துக்கொண்டிருந்தது. விரலைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன். சர்க்கரையை இறக்கிப் பார்க்கலாம் என்றார். சாற்றைப் பற்றிக் கேட்டதற்கு முகம் சுளிக்கவில்லை.

"இலையில நல்லது இருக்கலாங்க. ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா சர்க்கரைய அப்படியே வுட்டுட்டு அத ஊத்தி என்ன பண்றது? மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?"

துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே ப்ரைமர் அடித்தால் பட்டையாக உரிந்து வரும். அப்படி அடித்தவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

வார்டில் எனக்குத் துணையாகத் தங்க முனிராஜ் வந்தான். கையில் ஒரு பிளாஸ்க். எனக்காகச் சாறு கொண்டுவந்திருக்கிறான், பாசக்காரப் பயல் என்று நெகிழ்ந்துபோனேன். அவன் முகம் கழுவப் போன நேரத்தில், ஒரு மடக்குக் குடிக்கலாமென்று திறந்தேன். உள்ளே ஐஸ்கட்டி. அதற்கு நடுவே பாலிதீனில் சுற்றிய சின்ன மருந்துக் குப்பி. இன்சுலின்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எத்தன நாளாடா?"

"மாத்திரை கேக்கல மாமா. ஊசிக்கு மாத்திட்டாங்க. மாத்திரைய வுட்டேன்னுதான சொன்னேன்? பொய் சொல்லலியே."

"அப்ப சாறு?"

"அதயுந்தான் குடிக்கறேன்." குரலைத் தாழ்த்தினான். "பொண்ணுக்கு எடம் பாக்கறேன் மாமா. ஊசி போட்டுக்கறவன் ஊட்டுல சம்பந்தம் பண்ணுவாங்களா? யாராச்சும் கேட்டா, எல்லாம் கொழுந்துலயே சரியாப் போச்சுன்னு சொல்லிச் சொல்லி..."

"என்கிட்டயுமாடா?"

"நீங்க ஊரு பூரா தமாஷ் பேசற ஆளு மாமா."

பிளாஸ்கை மூடி அவன் கையில் கொடுத்தேன். மொபெட் விஷயத்தில் மட்டும் உயிலை அங்கேயே திருத்தினேன்.

விரலை எடுத்துவிட்டார்கள். மெல்லச் சர்க்கரை இறங்கியது, காயமும் ஆறியது. மாத்திரை மீண்டும் பதவிக்கு வந்தது.

இதைப் படிக்கும் சர்க்கரைக்காரரே, உங்களுக்கும் ஒரு முனிராஜ் இருப்பார். கெட்டவராக இருக்க மாட்டார், அதுதான் சிக்கல். சாறு தந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அவருடைய பிளாஸ்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

முனிராஜ் மகள் கல்யாணத்தில் சம்பந்தி என்னை ஓரமாக அழைத்து, "உங்க மச்சானுக்குச் சர்க்கரை கிர்க்கரை..?" என்று இழுத்தார். "அவன் மாந்தோப்புக்காரன், இனிப்பாத்தான் பேசுவான்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே பந்திக்குப் போனேன்.

என் உடம்பை இப்போது அயலானைப் போலத்தான் நடத்துகிறேன். அவனாக எதையும் சொல்ல மாட்டான் என்று தெரிந்துவிட்டது. ஷூவைத் தட்டாமல் போடுவதில்லை. சவரக் கண்ணாடியில் பாதங்களின் அடியைப் பார்க்காமல் என் நாள் முடிவதில்லை. நாளை, அடுத்த வருடம் என்றெல்லாம் யோசிப்பதைவிட, இன்று பாதத்தில் ஒன்றுமில்லை என்பதே போதுமாயிருக்கிறது.

சில நேரம் அந்தச் சுண்டுவிரல் இருந்த இடம் அரிக்கிறது. குனிந்தால் கைக்கு வெறும் காற்றுதான் கிடைக்கிறது. இரும்பு குடைந்தபோதெல்லாம் வாயைத் திறக்காதவன், போன பிறகுதான் என்னோடு பேசுகிறான்.