ரிசீவரில் கட்டிய அரக்குத் துணி

கல்லாவில் இருக்கும் தொலைபேசியின் ரிசீவரை, அது படுத்திருக்கும் பெட்டியோடு சேர்த்து ஓர் அரக்குநிறத் துணியால் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போடுகிறார் தங்கபுஷ்பம். பில் போடும் காதரைப் பார்த்து, "அவுத்தே, கைய ஒடிச்சிருவேன்" என்கிறார். "நா இன்னாத்துக்குக்கா அவுக்கப் போறேன்? மொதலாளிகைல சொல்லு" என்கிறார் காதர். அதற்குள் தங்கபுஷ்பம் மரப்படியில் பாதி ஏறியாயிற்று.

தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய அண்ணன் தனபாலனின் ஜவுளிக்கடை. கடைக்கும் கூரைக்கும் நடுவே பலகை அடித்துக் கட்டிய அறை ஒன்று இருக்கிறது. நிமிர்ந்தால் மின்விசிறி தலையில் தட்டும். அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், கடையில் விற்காமல் தங்கிப்போன சேலை மூட்டைகள். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உலகத்தோடு பேசத் தொடங்குகிறது. மேலுக்கும் கீழுக்கும் லைன் ஒன்றுதான். கல்லாவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் மேலே இணைப்பு அறுந்துவிடும். துணி அதற்காக.

மேலே அவர் நடத்தும் ஈமெயில் குழுவுக்கு 'வாசல்' என்று பெயர். உறுப்பினர்கள் எல்லாரும் வெளிநாட்டில். அவர்களைப் பெற்றவர்கள் எல்லாரும் சென்னையில். யாராவது ஒரு கேள்வியை ஈமெயிலில் எழுதினால் முதலில் தங்கபுஷ்பத்துக்கு வரும். அவர் படித்து, சரி என்று தோன்றினால் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் அனுப்புவார். அடையாறில் இந்த வாரம் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா? வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகும் லேப் எது? அப்பா போனை எடுக்கவில்லை, பக்கத்து வீட்டு நம்பர் யாரிடமாவது இருக்கிறதா? சிட்னியில் இருப்பவர் கேட்பார், சிகாகோவில் இருப்பவர் பதில் சொல்வார். இரண்டு பேருடைய அம்மாக்களும் மயிலாப்பூரில் அடுத்தடுத்த தெருவில் இருப்பார்கள்.

உறுப்பினர்களை அவர் ஊர்ப் பெயராலும் அழைப்பதில்லை, சொந்தப் பெயராலும் அழைப்பதில்லை. பெற்றோர் இருக்கும் பேட்டைதான் பெயர். நான் லீட்ஸ் நகரில் இருக்கிறேன். அவருக்கு நான் 'ஆழ்வார்பேட்டை சார்'. அங்கே என் அம்மா தனியாக இருக்கிறாள். அவளுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை என்றதும் நான் ஆங்கிலத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அது வாசலில் வந்தபோது நான்கு வரியாக இருந்தது. கீழே எனக்கு மட்டும் ஒரு குறிப்பு: 'கவலையை ஆறு தடவ எழுதியிருந்தீங்க. ஒண்ணு மட்டும் வச்சிருக்கேன்.' சாயங்காலமே, அதே டாக்டரிடம் தன் மாமனாரை அழைத்துப் போனவர் ஒருவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அன்றைக்கு நான் தூங்கினேன்.

தங்கபுஷ்பத்துக்கு நாற்பதைத் தாண்டிய வயது. குடும்பம் உடன்குடிப் பக்கம். கட்டுவதெல்லாம் கடையில் விலைபோகாத நிறங்கள்: பாசி, காவி, ஒரு மாதிரியான பழுப்பு. "இத யாராச்சும் பாத்து எங்க எடுத்தீங்கன்னு கேட்டா, அன்னைக்கே மூட்டை காலி" என்கிறார். வாயில் எப்போதும் ஒரு பனங்கற்கண்டு. வரும் கடிதங்களை வாய்விட்டுத்தான் படிப்பார். எழுதியவர் யாரானாலும் ஒரே குரல், ரயில்நிலைய அறிவிப்பு மாதிரி. ஃபில்டர் காபி மணக்கிறது, மழை மண் மணக்கிறது என்று எழுதினால் ஒரு தட்டு, கடிதம் காணாமல் போகும். "மணத்த வச்சு நான் என்ன சார் செய்ய? தண்ணி வந்துச்சா, வரலையா, அதச் சொல்லுங்க." சண்டையை மட்டும் உடனே நிறுத்த மாட்டார். கல்யாணச் சமையலுக்கு யார் சிறந்தவர் என்று மாம்பலமும் மந்தைவெளியும் ஒருமுறை அடித்துக்கொண்டபோது மதியம் வரைக்கும் விட்டுவிட்டார். "சண்டை போடுற மனுஷன் நாளைக்கும் வருவான் சார். சும்மா பாராட்டிட்டுப் போறவன்தான் திரும்ப வரமாட்டான்."

தொழில் தொடங்கியதே ஒரு தவறினால். கடைக்குக் கணக்குப் போட வாங்கிய கம்ப்யூட்டரில் இணைப்பு வாங்கி, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை தங்கபுஷ்பத்தின் தலையில் விழுந்தது. ஆடித் தள்ளுபடி என்றைக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத அலுத்துப்போய், அத்தனை முகவரிகளையும் ஒரே கட்டத்தில் அடித்து ஒரே பதிலை அனுப்பிவிட்டார். ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லாருடைய பெயரும் தெரிந்துபோயிற்று. "திட்டு விழும்னு பயந்துக்கிட்டே தொறந்தேன் சார். பாத்தா, என்னைய ஒருத்தரும் கண்டுக்கல. நீங்க நங்கநல்லூர் ஜானு மாமி மகனா, நான் எதுத்த வீடுன்னு அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டு இருக்காவ. அன்னைக்கே நினைச்சேன், இதுதான் கடை, கீழ இருக்கது குடோன்."

உறுப்பினர்களிடம் அவர் காசு வாங்குவதில்லை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இரண்டு வரி விளம்பரம் போகிறது. கேட்டரிங்காரர், லேப், வீடு மாற்றித் தருகிறவர் என்று அதற்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யாருடைய பெற்றோரையாவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமென்றால் ஸ்கூட்டியில் போக இரண்டு பெண்கள்; அதற்குத் தனிக் கட்டணம். அண்ணனுக்கு மாடி அறைக்கு வாடகை கொடுத்துவிடுகிறார். அவர் வேண்டாம் என்றாலும் கல்லாவில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். சதுர அடிக் கணக்கில் பார்த்தால் கீழ்க்கடையைவிட மேலறைதான் அதிகம் சம்பாதிக்கிறது என்று கடை ஆடிட்டர் போன வருடம் சொல்ல, தனபாலன் அவருக்கு வரவழைத்த டீயைத் தானே குடித்துவிட்டாராம்.

விளம்பரம் கொடுக்கிறவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை. அவர்களைப் பற்றிப் புகார் வந்தால் அன்றைக்கே, ஒரு சொல் மாற்றாமல், எல்லாருக்கும் போகும். பதில் சொல்ல வேண்டுமானால் அதன் அடியிலேயே இடம் உண்டு. முதல் விளம்பரதாரர் தனபாலன். எல்லாரையும்விட அதிகம் கொடுப்பவரும் அவர்தான்.

போன ஆடியில் நான் விடுமுறைக்கு வந்து, இந்த வாசலின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று படியேறிப் போயிருந்தேன். சேலை மூட்டை ஒன்றைத் தட்டி, "உக்காருங்க ஆழ்வார்பேட்டை சார். அம்மாவுக்குக் கண்ணு எப்படி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் திரையில் ஒரு கடிதம் வந்து நின்றது. மஸ்கட்டிலிருந்து மெஹபூப் அலி. வாசலில் அவர் பெயர் ஆதம்பாக்கம். தங்கபுஷ்பம் வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு உடுத்த அம்மாவுக்காக உங்க அண்ணன் கடையில பட்டு எடுத்தேன். கல்யாணத்தன்னைக்கு சம்பந்தி வீட்டு வெள்ளை விரிப்புல அம்மா உக்காந்து எழுந்திரிச்சாங்க. விரிப்பெல்லாம் அரக்குச் சாயம். எல்லாப் பொம்பளைங்களும் பாத்தாங்க. கடைக்குக் கொண்டுபோனா, உங்க வேர்வைக்கு நாங்க பொறுப்பில்லைன்னு சொன்னாங்களாம். அம்மா இப்ப வெளியவே வர்றதில்ல. வாசல்ல போட்டிருந்ததாலதான் வாங்கினேன்."

கடைசி வரியை மட்டும் அவர் குரல் கொஞ்சம் மெதுவாகப் படித்தது. பனங்கற்கண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். பிறகு படிப்பக்கம் குனிந்து, "காதர், அண்ணன மேல வரச் சொல்லு" என்றார்.

தனபாலன் கனத்த உடம்புக்காரர். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கீழே தள்ளுபடிக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது.

"ஆடி நேரத்துல என்ன புஷ்பம்?"

கடிதத்தை மறுபடி, அதே குரலில் படித்தார் தங்கபுஷ்பம்.

"வேர்வைன்னு நான்தான் சொன்னேன். அந்தக் கூட்டத்துல வேற என்ன சொல்லச் சொல்லுத? சரி, அழிச்சிரு. அந்தம்மாவுக்கு வேற சேலை குடுத்துருவோம்."

"குடுங்க. அதையும் எழுதுங்க, அடியில போடுதேன். இது இன்னைக்குப் போகும்."

"நான் உனக்கு யாரு?"

"கீழ அண்ணன். இந்தப் படி ஏறிட்டீங்கன்னா விளம்பரக்காரரு."

"போன் யாரு பேருல இருக்கு?"

"உங்க பேருலதான்."

"கரண்டு மீட்டரு?"

"அதுவும்தான்."

"ரெண்டையும் புடுங்கிட்டா எங்கன போயி உக்காருவ?"

நான் மூட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த லைன் போனால் என்ன ஆகும் என்று என் மனம் அதற்குள் ஆழ்வார்பேட்டைக்குப் போய்விட்டிருந்தது. தங்கபுஷ்பம் திரும்பக்கூட இல்லை.

"எங்கயாச்சும் உக்காருவேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. அடியில வர்ற ரெண்டு வரிக்கு நீங்க எதுக்குத் துட்டு குடுக்கீங்க? மேல இருக்க வரிய ஜனங்க நம்புதாங்க, அதுக்கு. இத நான் அழிச்சா, நாளைலருந்து மேல இருக்கதும் உங்க விளம்பரந்தான். அதுக்கு ஒருத்தரும் துட்டு குடுக்க மாட்டாவ. நீங்களே குடுக்க மாட்டீங்க."

தனபாலன் இறங்கிப் போனார். மோடம் கீச்சிடத் தொடங்கியது. பாதியில் அறுந்தது. தங்கபுஷ்பம் மறுபடி முயன்றார். மறுபடியும் அறுந்தது. கீழேயிருந்து காதரின் குரல் வந்தது.

"அக்கா! மொதலாளி துணியக் கிய்ச்சுப் போட்டுட்டு போன கைல வச்சினு குந்தினுகீறாரு!"

"யாருகிட்ட பேசுதாரு?"

"யார்கைலயும் இல்லக்கா. சும்மா காதுல வச்சினுகீறாரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கபுஷ்பத்துக்கு வந்தது. அடக்கிக்கொண்டு, கடை முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "கடைக்காரர் பதிலுக்கு இடம் விட்டிருக்கேன். காலியாவே போகட்டுமான்னு கேளு!"

பிறகு மரப்படி முனகியது. தனபாலன் வந்து, சேலை மூட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ. எங்க கடை எங்க அப்பா காலத்துலருந்து இருக்கு. சாயம் போற துணி எங்ககிட்ட கிடையாது. அந்தம்மாவுக்கு வேர்வை ஜாஸ்தி."

தங்கபுஷ்பம் ஒரு சொல் விடாமல் தட்டினார். பிறகு அந்த ரயில்நிலையக் குரலில் திருப்பிப் படித்தார். கீழே காதர் சிரித்துவிட்டார். தனபாலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் சட்டையும் முதுகோடு ஒட்டித்தான் இருந்தது.

"அந்த வேர்வைய எடு."

"எடுத்தாச்சு."

"சாயம் போற துணி கிடையாதுங்கறது…"

"அதையும் எடுக்கவா?"

"எடு."

"இப்ப அப்பா மட்டும்தான் இருக்காரு."

"அவர எதுக்கு இதுல இழுக்கணும்? அவரையும் எடுத்துரு."

திரை காலியாயிற்று. மின்விசிறி சுற்றியது. தனபாலன் தன் கைகளையே பார்த்தபடி மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். "சேலை எங்க கடைச் சேலைதான். சாயம் போனது எங்க தப்பு. அந்தம்மாகிட்ட நான் பேசுனது அதவிடத் தப்பு. நாளைக்கு ஆதம்பாக்கத்துக்கு நானே சேலை கொண்டாறேன்."

"நானேன்னு போடவா? ஆடி நேரம், கடைய விட்டுட்டுப் போகணும்."

"போடுன்னா போடேன்."

அவர் இறங்கிப் போனார். இரண்டு கடிதங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, அடியில் வழக்கமான இரண்டு வரி விளம்பரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, தங்கபுஷ்பம் ரிசீவரைக் கட்டக் கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

துணி ஏற்கெனவே கட்டியிருந்தது. தான் கிழித்துப் போட்டதற்குப் பதிலாக, தனபாலன் ஒரு புதுச் சேலையின் கரையிலிருந்து துண்டு கிழித்து, அதே அரக்கு நிறத்தில், ரிசீவரைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். போதாதென்று அதன்மேல் கையை வேறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தங்கபுஷ்பம் முடிச்சைத் தொடவில்லை. கல்லாவில் நோட்டு எண்ண வைத்திருக்கும் ஈர ஸ்பாஞ்சில் பெருவிரலை அழுத்தி, தொங்கிய துணி நுனியை அந்த விரலால் நன்றாகத் தேய்த்தார். டியூப் லைட்டுக்கு நேரே விரலைப் பிடித்துப் பார்த்தார். கறையில்லாத அந்த விரலை அண்ணனிடம் காட்டிவிட்டுப் படியேறினார்.