முந்திரிக் கட்டைக்கு ஒரு ஸ்டாண்டு

சித்திரையில் அடித்த ஒரு சுழல்காற்று எங்கள் கொல்லையில் நின்ற நாலு முந்திரி மரங்களையும் ஒரு வேம்பையும் ஒரே சாயங்காலத்தில் வேரோடு சாய்த்துவிட்டது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை. நாங்கள் முந்திரி வறுத்து விற்கிறவர்கள். ஆதனக்கோட்டைப் பக்கம், தஞ்சாவூர் ரோட்டோரத்தில் எங்கள் கொட்டகை. நானும் என் வீட்டுக்காரரின் தங்கையும் சேர்ந்து நடத்துகிறோம். அவர் வெளிநாட்டில் டிரைவர். கொட்டகையில் அடுப்பு எரியாத நாளே கிடையாது, அடுப்புக்கு விறகு வேண்டும். விறகு கொல்லை நிறையக் கிடந்தது, ஆனால் எல்லாம் தொடை கனத்துக்கு முழு நீளக் கட்டைகளாகக் கிடந்தது.

மெஷின் வைத்து மரம் அறுக்கிறவர் சுற்றுவட்டாரத்துக்கே ஒருவர்தான். காற்றில் எல்லார் கொல்லையிலும் மரம் விழுந்திருந்தது. போன் செய்யும்போதெல்லாம், "நாளைக்கு வாரேன்க்கா" என்பார். அந்த நாளை வைகாசியைத் தாண்டி ஆனிக்கும் வரவில்லை. கட்டைகள் காய்ந்து, தோல் உரிந்து, தட்டினால் கணீரென்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தன. நாங்களோ வெளியிலிருந்து விறகு வாங்கி எரித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அடுப்பின் முன்னால் நின்றபடியே சொன்னேன்.

"நம்மளே ஒரு மெஷின் வாங்கிருவோம்."

நாத்தனார் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரு அறுக்கிறது?"

"நாந்தேன்."

எனக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை ஒரு ஸ்கூட்டியைக்கூட ஓட்டியதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பயத்தினால் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

புதுக்கோட்டையில் விவசாய மெஷின் விற்கிற கடைக்குப் போனோம். எடுத்து விளக்கியது அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண். கடைக்குப் பின்னால் அழைத்துப் போய் மெஷினைத் தரையில் வைத்தாள்.

"அக்கா, ரெண்டு கையும் எப்பவும் மெஷின்லயே இருக்கணும். எடது கை கட்டவெரலு பிடியச் சுத்திப் பிடிச்சிருக்கணும். இந்தா முன்னால நிக்கிதே, இதான் பிரேக்கு. மெஷின் துள்ளுச்சுன்னா ஒங்க கை இதுல இடிக்கும், செயினு அப்படியே நின்னுரும். செயினு சுத்தி ஓடுற இந்த நீட்டுப் பட்டையோட மூக்கு மட்டும் எதுலயும் முட்டவே கூடாது. முட்டுச்சுன்னா மொகத்தப் பாத்துத் திரும்பி வரும்."

பிறகு, "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க" என்று தள்ளி நின்றாள்.

பின் பிடிக்குள் வலது காலை விட்டு அமுக்கிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இழுத்தேன், இருமியது. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது பாருங்கள், கை வழியாக ஏறி முதுகெலும்பு வரைக்கும் அந்த அதிர்வு போனது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடையில் உரம் வாங்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் செயின் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் காரணம் உண்டு. அவள் திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஒரு தடவை ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. ஓடுகிற மெஷினிடம் அவளுக்கு மரியாதை அதிகம். பஸ்ஸில் வரும்போதே கட்டளைகள் போட ஆரம்பித்துவிட்டாள்.

"சேலையோட அத எடுக்கக் கூடாது. முந்தானையப் புடிச்சு இழுத்துரும். அண்ணனோட ஜீன்ஸ் பேண்ட்டு பீரோவுல இருக்குல்ல, அதப் போடுங்க. கண்ணாடி, ஹெல்மெட்டு, ஷூ இல்லாம கிட்டயே போகக் கூடாது. அப்பறம் கட்டையத் தரையில போட்டு அறுக்கக் கூடாது. கட்ட உருளும். தூக்கி வைக்க ஒரு ஸ்டாண்டு வேணும்."

"ஸ்டாண்டா? சைக்கிளா நிறுத்தப் போறோம்?" என்று கேலி செய்தேன்.

அன்று ராத்திரி ஜீன்ஸைப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் கயிறு கட்ட வேண்டியிருந்தது. கால் இரண்டும் தனித்தனியாக நடப்பது போல ஒரு விநோதம். கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் நடந்து பார்த்துக்கொண்டேன். விடிந்ததும் நாத்தனார் பால் ஊற்ற சொசைட்டிக்குக் கிளம்பினாள். அவள் திரும்பி வர அரை மணி நேரமாவது ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டாண்டு வரும்வரை யார் காத்திருப்பது? மெஷினைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஜீன்ஸ் போட்டிருந்தேன், கண்ணாடியும் போட்டிருந்தேன். ஹெல்மெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன், காலில் செருப்புதான்.

கிடந்ததில் நல்ல கட்டையாகப் பார்த்து, அது உருளாமல் இருக்க இடது காலை அதன் மேல் வைத்துக்கொண்டு அறுத்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. செவேலென்று தூள் காலைச் சுற்றிக் கொட்டியது. என்னால் முடிகிறது, என்னால் முடிகிறது என்று மனசுக்குள் கத்தினேன். அந்தச் சந்தோஷத்தில் கட்டைக்குப் பின்னால் இன்னொரு கிளை கிடந்ததை நான் பார்க்கவில்லை. பட்டையின் மூக்கு அதில் முட்டியது.

என்ன நடந்தது என்று தெரிவதற்குள் மெஷின் என் முகத்தை நோக்கி எகிறியது. இடது மணிக்கட்டில் பிரேக் படாரென்று இடித்தது. செயின் நின்றுவிட்டது. என்ஜின் மட்டும் ஒன்றும் தெரியாதது போல உறுமிக்கொண்டிருந்தது. காலடியில் கட்டை உருண்டு செருப்பு வார் அறுந்திருந்தது. மெஷினை அணைத்துக் கீழே வைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் வந்து பார்த்தபோதும் உட்கார்ந்துதான் இருந்தேன். அறுந்த செருப்பைப் பார்த்தாள், பாதி அறுத்த கட்டையைப் பார்த்தாள், என் மணிக்கட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கழுத்துல பட்டிருந்தா என்ன அண்ணி பண்ணியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது. பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட ஆரம்பித்தாள். பெருக்கல் குறி மாதிரி ஒன்று. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஒரு குறுக்குக் கம்பி.

"இதுதான் ஸ்டாண்டு. மேல இருக்கிற ரெண்டு கவட்டையிலயும் கட்ட உக்காந்துக்கும்."

அந்தப் படத்தைப் பேப்பரில் வரைந்து எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இது வைக்கோல் போடவா?"

"கட்டைய வச்சு அறுக்கங்க. நாங்கதான் அறுக்கப் போறோம்" என்றேன்.

எங்கள் இருவரையும் ஒரு நிமிஷம் பார்த்தவர், பழைய இரும்பு பைப்புகளை இழுத்துப் போட்டு வேலையில் இறங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு தயார். கொண்டுவந்து கட்டையைத் தூக்கி வைத்தால் கவட்டைக்குள் அது சுழன்றது. நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். மறுநாள் மறுபடி பட்டறை. கவட்டையின் உள்பக்கம் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, முதலைப் பல் மாதிரி வரிசையாக வைத்துப் பற்றவைக்கச் சொன்னாள். ஒரு சங்கிலியும் கொக்கியும் சேர்த்துக்கொண்டாள். இப்போது கட்டையை வைத்துச் சங்கிலியை இழுத்து மாட்டினால், நான் ஏறி உட்கார்ந்தாலும் அசையவில்லை. ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன்.

அந்த முதல் அறுப்பை மறக்க மாட்டேன். நாத்தனார் கோலமாவால் தரையில் ஒரு வட்டம் போட்டாள். மெஷின் ஓடும்போது அவள் உள்பட யாரும் அந்த வட்டத்துக்குள் வரக் கூடாது. அவள் கையைத் தூக்கினால் நான் நிறுத்திக் கீழே வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவள் உள்ளே வந்து கட்டையை நகர்த்துவாள். கட்டை ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நீட்டலில்தான் அறுக்க வேண்டும். அப்போது செயின் கட்டைக்குள் சிக்கவும் சிக்காது, இரும்பிலும் படாது.

ஹெல்மெட், காதடைப்பு, ஷூ எல்லாம் மாட்டி நின்றேன். இடுப்பு உயரத்தில் கட்டை. குனிய வேண்டியதில்லை, கால் வைத்து மிதிக்க வேண்டியதில்லை. முழு வேகம் கொடுத்து இறக்கினேன். தூள் ஒரு பக்கமாகப் பீய்ச்சியது. துண்டு தன் கனத்திலேயே வாய் பிளந்து தொப்பென்று விழுந்தது. அடுத்தது, தொப். அடுத்தது. காதடைப்புக்கு உள்ளே நான் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது நாத்தனாருக்குக் கேட்டிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து யாரோ கையசைத்தார்கள். கடைசியில் மிஞ்சும் குட்டைத் துண்டைப் பிடிப்பு இல்லாமல் அறுக்கக் கூடாது என்று அவள் எடுத்துப் போய்விடுவாள், அது கோடாலிக்கு.

அப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் மத்தியானம் நார்த்தாமலைப் பக்கம் வானம் கறுத்தது. ஆடி முடிகிற நேரம். கட்டைகளில் கால்வாசி இன்னும் கொல்லையில் கிடந்தன. நனைந்தால் மறுபடி காய எத்தனை நாளோ.

"இங்கிட்டு மழ வர்றதுக்குள்ள முடிச்சுருவோம்" என்றேன். நான் அறுக்க, அவள் அடுக்க, கொட்டகைக்கும் கொல்லைக்கும் ஓட்டம்தான். காற்று குளிர்ந்தது. மண்வாசனை வந்தது. கடைசியாக ஏழெட்டுக் கட்டைகள் மீதி. அப்போது அவள் கையைத் தூக்கினாள். நிறுத்தினேன்.

"ஒங்க கை நடுங்குது. போதும்."

"இன்னும் கொஞ்சம்தேன். மழ வந்துரும்டி."

"வரட்டும். நனைஞ்ச வெறகு காஞ்சுரும்."

அவள் வட்டத்துக்குள் நின்றுகொண்டு நகரவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"அப்ப நீ அறு."

அதுவரை அவள் மெஷினைத் தொட்டதே இல்லை. என்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். சுடிதார் துப்பட்டாவைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குள் ஓடி இன்னொரு ஜீன்ஸோடும் முழுக்கைச் சட்டையோடும் வந்தாள். என் ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, ஷூ எல்லாவற்றையும் வாங்கி மாட்டினாள். கயிற்றை ஒரே இழுப்பில் பிடிக்க வைத்தாள். நான் வட்டத்துக்கு வெளியே நின்றேன்.

என்னைப் போல அவள் பாயவில்லை. தையல் போடுகிறவள் துணியை நகர்த்துவது போல அவசரமே இல்லாமல், நேர்க்கோட்டில் இறக்கினாள். விழுந்த துண்டுகள் எல்லாம் ஒரே அளவு, முகம் வழவழப்பு. என் துண்டுகளை அவற்றின் பக்கத்தில் வைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கண்ணாடிக்குள் கண்கள் விரிந்திருந்தன. சிரித்துக்கொண்டிருந்தாள். கடையில் சிரிக்காதவள் இப்போது பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் துளிகள் ஹெல்மெட்டில் விழுந்தபோது மூன்று கட்டைகள் மீதி. நான் கையைத் தூக்கினேன். அவளுக்கு மனசே இல்லை, ஆனாலும் நிறுத்தினாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினோம். மழை கொட்டித் தீர்த்தது. அடுக்கிய விறகின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு இருவரும் மூச்சு வாங்கினோம். தலையெல்லாம் மரத்தூள்.

சரியாக அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். மெஷின் வாங்கியதிலிருந்தே அவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏய், ரெண்டு பேரும் என் பேண்ட்டா போட்டிருக்கீங்க?"

நாத்தனார் போனைத் திருப்பி விறகு அடுக்கைக் காட்டினாள், ஸ்டாண்டைக் காட்டினாள், சங்கிலியை, பற்களை, மழையில் கரைந்துபோன வட்டம் இருந்த இடத்தை, எல்லாவற்றையும் காட்டி விளக்கினாள். அவர் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். கட்டை சுத்தாதா? பிரேக்கு வேல செய்யுதா? கடைசியில், "லீவுக்கு வர்றப்ப எனக்கும் கத்துக்குடுங்க" என்றார்.

அடுத்த வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் கொல்லையிலும் மரம் விழுந்து கிடந்தது. "அந்த ஆளு நாளைக்கு நாளைக்குங்கிறாரு. நீங்க வாரீங்களா?" என்று கேட்டார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ஸ்டாண்டின் கால்களைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து ஸ்டாண்டை ஏற்றினோம். டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, "யாருங்க அறுக்கிறது, ஆளு எங்க?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம்.