அத்தை பிடித்த இடம்

அப்பாவின் பிறந்தநாளுக்கு, மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனோம். மேசை எதுவும் காலியில்லை, சோபாவில் உட்காருங்கள் என்றார் மேனேஜர்.

அத்தையா உட்காருவாள்? மதுராந்தகத்துக் கல்யாணப் பந்திகளில் இடம் பிடித்துப் பழகியவள். நேராகப் போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோடியின் பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டாள்.

"வாங்க, இப்ப எய்ந்துருவாங்க" என்று எங்களுக்குக் கைகாட்டல் வேறு. எனக்கு மானம் போயிற்று. அந்த ஜோடி பாதி ஐஸ்கிரீமை அப்படியே விட்டுவிட்டு எழுந்தது.

நாங்கள் இறாலை முடித்து ஐஸ்கிரீமுக்கு வந்தபோது, அத்தையின் நாற்காலி மேல் ஒரு வளையல் கை விழுந்தது. காத்திருந்த இன்னொரு குடும்பத்து அம்மாள்.

அத்தை கொதித்துப்போனாள். "இன்னா பயக்கம் இது? மனுசங்கள நிம்மதியா சாப்புட வுட மாட்டாங்களா?"

வேண்டுமென்றே இன்னொரு ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னாள்.