அற்புதம் எண்ணும் ஐந்து மீன்கள்

அருளப்பு முதலில் வாலைத்தான் பார்ப்பார். வால் கிழிந்திருந்தால் அந்த மீன் கடி வாங்குகிறது. கடிக்கிறவன் பக்கத்திலேயே நிற்பான். வவுனியாவில் கிருசாந்தனின் வளர்ப்புமீன் கடையில், தொட்டிக்கு முன்னால் குந்தினால் கால்மணி நேரம் அசைய மாட்டார். மற்றவர்கள் அவரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

"கடல் மீன் எண்டால் எது எதைத் தின்னும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன் தம்பி. உந்த நல்லதண்ணி மீனுகளின்ரை குணம்தான் பிடிபடுகுதில்லை."

முல்லைத்தீவுக் கரையில் நாற்பது வருடம் வலை இழுத்தவர். இப்போது மாதம் ஒருமுறை மனைவி அற்புதத்துக்கு மருந்தெடுக்க பஸ் ஏறி வருகிறார். திரும்பும்போது மடியில் மீன் பை இருக்கும்.

அற்புதத்துக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய் ஒன்றரை வருடம். கட்டிலுக்கு எதிரே இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. காலையில் இடக்கை விரல்களை மடித்து மீன்களை எண்ணுவார். ஐந்து இருந்தால்தான் கஞ்சிக்கு வாய் திறப்பார். மூன்று பிள்ளைகளும் தாங்களுமாக ஐந்து பேர் இருந்த வீடு அது.

விரல்நுனி அளவில் நான்கு கப்பி மீன், ஒரு ஏஞ்சல் மீன். சில்லறைக் காசளவில் வாங்கிய ஏஞ்சல் உள்ளங்கை அளவாகி, கப்பிகளை விழுங்கத் தொடங்கிவிட்டது. வேண்டாத வேலையாக அருளப்பு அதற்குத்தான் கடைக்குட்டி ஸ்ரனிஸ்லஸின் பெயரை வைத்திருந்தார். பதினேழு வயதில், சண்டைக் காலத்தில், வீடு புகுந்து பிடித்துக்கொண்டு போன பிள்ளை. அந்தப் பெயரைக் கேட்டால் அற்புதத்தின் வாய் ஒருபக்கமாகச் சிரிக்கும். மனிதர் வேறென்ன செய்வார், பாவம்.

இந்த முறை வரும்போது தொட்டியில் நான்குதான். இரண்டு நாளாக அற்புதத்துக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஏஞ்சலால் விழுங்க முடியாத பெரிய மீன் ஒன்று தரச்சொல்லிக் கேட்டார்.

"ரெண்டடித் தொட்டிக்கை இன்னொரு பெரிசை விட்டால் ரெண்டும் அடிபட்டுச் சாகும் ஐயா. கப்பி விடுறது தீன் போடுற மாதிரி. ஏஞ்சலைக் கொண்டுவந்து தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்" என்றான் கிருசாந்தன்.

"ஓம் தம்பி. திண்டதுக்கு ஒண்டு, அவன்ரை இடத்துக்கு ஒண்டு. ரெண்டு கப்பி கட்டு. அவனை அடுத்தமுறை கொண்டு வாறன்."

வீடு வந்ததும் ஏஞ்சலைப் பிடிக்கக் கைவலையைத் தொட்டிக்குள் இறக்கினார். அது மூலைக்கு ஒதுங்கியது. கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அன்று பிள்ளையைப் பிடிக்க வாசலில் ஆட்கள் வந்து நின்றபோது சொன்னதையே அற்புதம் சொன்னார்.

"ஒளியடா ஸ்ரனி... ஒளி."

அருளப்பு வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பையின் ரப்பரைப் பல்லால் கடித்து இழுத்தார். விடிவதற்குள் ஒன்று போய்விடும், எண்ணுவதற்கு ஐந்து மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டு, கப்பிகள் இரண்டையும் ஏஞ்சலின் வாய்க்கு முன்னால் கொட்டினார்.