அரம் போடாத ஓட்டை

யுத்த காலம். விறகுக்கு நாயாய் அலைந்தோம். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மரமில்லில் மரத்தூள் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. மண்ணெண்ணெய் டின்னில் மரத்தூள் அடுப்பு செய்து தருகிறேன் என்று மனைவியிடம் சவடால் அடித்தேன். தகரம் எனக்குப் புதிதா என்ன? பேக்டரியில் மற்றவர்கள் போட்ட ஓட்டையைத் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் திருப்பி அனுப்புகிற இன்ஸ்பெக்டர் நான்.

காற்றுக்கும், சாம்பல் அள்ளவும் டின்னின் பக்கவாட்டில், அடியோரமாகக் கை நுழைகிற அளவு வட்ட ஓட்டை வேண்டும். டம்ளரை வைத்துக் கோடு போட்டேன். தகரம் நசுங்காதபடி உள்ளே மரக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். கோட்டின் மேல் ஆணியால் நெருக்கமாகக் குத்தி, உளியால் தட்டினேன். வட்டத் தகடு கழன்று விழுந்தது. அதுவரை ஒழுங்குதான். பிறகு அரம் போட்டு ஓரத்தை மழுக்க வேண்டும். பேக்டரியில் அது இல்லாமல் என் கையெழுத்து விழாது. வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டாள். "ஏங்க, ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கே. மாதா திருநாளுக்குப் பீடத் துணியில பூ போடுற கைங்க இது. கொஞ்சம் தேச்சுக் குடுங்களேன்."

"தினம் நூறு ஓட்டை பாக்குறவனுக்கு நீ பாடம் எடுக்குறியா? போடி, உலையை வை!"

மாதா கோயிலில் வருஷா வருஷம் அந்தப் பூவேலை அவளுடையதுதான். அவளுக்கென்று இருந்த ஒரே பெருமையும் அதுதான். தெரிந்தும் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாம்பல் அள்ளக் கைவிட்டவள் "மாதாவே!" என்று அலறினாள். வலது ஆள்காட்டி விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. ஓடிப்போய் நான் முதலில் கேட்டது, "கண்ணு எங்கடி போச்சு?" சீ, நானும் ஒரு மனுஷன்! ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காயம் ஆறியது, விரல் மடங்கவில்லை. ஊசி பிடிக்கப் பார்த்தாள், நழுவி நழுவி விழுந்தது.

ஒரு ஞாயிறு அவள் பூசைக்குப் போயிருந்தபோது, திருடனைப் போல உட்கார்ந்து ஓரத்தை அரத்தால் தேய்த்து மழுக்கினேன். திரும்பி வந்தவள் அதைத் தடவிப் பார்த்தாள். இடது கையை விட்டுச் சாம்பலை அள்ளினாள்.

திருநாள் நெருங்கியது. பீடத் துணி என்னாயிற்று என்று பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் அவசரம்தான் சாமி. பாக்காம கைய விட்டுட்டேன்."

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நீங்க பேக்டரிக்காரர். தகரத்துகிட்ட எப்படி ஜாக்கிரதையா இருக்கணும்னு வீட்ல சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"சொல்றேன் சாமி" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.