முதலில் கை கழுவத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. பி.ஏ.வைத் தபால் வழியில் முடித்து, மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு நேராக வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். பாடம் எடுத்த மேடமே என்னைவிட வயதில் சின்னவர். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், புதுப் பேராசிரியை என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. கூச்சத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

பழைய உலக இலக்கியத்துக்கென்று தனியாக ஒரு தாள். கிரேக்கக் காவியம், ரோமானிய நாடகம் எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கும். கதைகள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயின. அவற்றைப் பற்றி எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசுவதில்தான் வந்தது வினை. ஆளுக்கொரு செமினார் கொடுத்தாக வேண்டும். எனக்கு வந்த தலைப்பு, கிரேக்கக் காவியங்களில் விருந்தோம்பல். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா” என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று சொதப்பினால் டி.சி.யை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுவது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நாம் படித்து வந்த லட்சணத்துக்கு வேறென்ன செய்வேன்? கட்டுரையாக எழுதி, ஒரு கமா விடாமல் மனப்பாடம் செய்தேன். வெங்காயம் உரிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் வாய் அதையே முணுமுணுக்கும். “என்னைய இங்கிலீஷ்ல வையிறியா?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார். செமினார் அன்று, எல்லாம்தான் மண்டையில் இருக்கிறதே என்ற திமிரில் தாளைக்கூட எடுத்துப் போகவில்லை.

முதல் பத்தி மடமடவென்று வந்தது. இரண்டாவது பத்தியின் முதல் வார்த்தை வரவில்லை. மனப்பாடத்தில் அதுதான் வம்பு, ஒரு வார்த்தை போனால் பின்னாலேயே எல்லாம் போய்விடும். முன் பெஞ்சில் ஒரு பெண் நல்ல மனதோடுதான் ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். அது என் வார்த்தை இல்லையே, இன்னும் குழம்பிப் போனேன். மேடம் மெதுவாக, “பரவாயில்ல, இன்னொரு நாள் வச்சுக்கலாம்” என்றார். என் காதில் டி.சி. என்றுதான் விழுந்தது. பையை எடுக்கத் திரும்பினேன்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அதுவரை என்னிடம் சிரித்ததோடு சரி, பேசியதில்லை.

“அக்கா, ஒரு டவுட்டு. முன்னப்பின்ன தெரியாத ஆளு வாசல்ல வந்து நின்னா, அந்தக் கதைங்கள்ல மொதல்ல என்ன குடுப்பாங்க?”

“கை கழுவத் தண்ணி” என்றேன், யோசிக்காமலே.

“அப்பறம்?”

“ரொட்டி, கறி. வயிறு நெறஞ்ச பெறகுதான் நீ யாரு, எந்த ஊருன்னு கேப்பாங்க.”

அதற்கப்புறம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம். அத்தா தோல் வியாபாரி. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் செம்பில் தண்ணீர், பிறகு சோறு. சாப்பிட்டு முடிக்கும் முன்னே வந்த விஷயத்தைக் கேட்டால் அத்தாவுக்குக் கெட்ட கோபம் வரும். அதைச் சொன்னேன். பசித்து வந்தவன் தன்னை இன்னார் என்று நிரூபித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லக்கூடாது, அந்தக் காவியக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றேன். எல்லாம் தமிழில். மேடம் தடுக்கவில்லை. “இப்ப இதையே உங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றார். சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன், “நெசமாவே தெரியாமயா கேட்ட?”

“எனக்கு அந்தக் கதை பூராத் தெரியும்க்கா” என்று சிரித்தாள். “எங்க அண்ணன் திக்கிப் பேசும். பாதியில நின்னுட்டா நாங்க வார்த்தைய எடுத்துக் குடுக்க மாட்டோம். அண்ணனுக்கு நல்லாத் தெரிஞ்சதா ஒண்ணு கேப்போம். பேச்சு தானா வந்துரும். பஸ் வந்துருச்சு, வாரேன்க்கா.”

அவள் போன பிறகு அங்கேயே நின்று அழுதேன். என்னைக் காப்பாற்றியதே எனக்குத் தெரியாதபடி காப்பாற்றியிருக்கிறாள். தொலைந்த வார்த்தையைத் தேடச் சொல்லாமல், என்னிடம் இருந்ததைக் கேட்டாள். அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை.

எம்.ஏ. முடித்துவிட்டேன். என்னைப் போல வயது கடந்து படிக்க ஆசைப்படும் பெண்கள் சிலருக்கு இப்போது வீட்டில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பேச எழுந்து, பேச்சு வராமல் நிற்கும் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் பாடத்தைக் கேட்க மாட்டேன். “நேத்து உங்க வீட்டுல சோத்துக்கு என்ன வெஞ்சனம்?” என்று கேட்பேன். குழம்பில் தொடங்கி மெல்ல அவர்கள் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம், அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் எனக்கு ஊற்றிய தண்ணீர் இன்னும் என் கையில் ஈரமாகவே இருக்கிறது என்று தோன்றும்.